ஏழு வருடம், ஆறு ஃபாரம்: எங்கள் பிளஸ் டூ வகுப்பு தைத்த புத்தகம்

2025 மார்ச் 25-இல் பொதுத்தேர்வு முடிந்தது, மே 8-இல் ரிசல்ட் வந்தது. நடுவில் கிடைத்த நாட்களில் எங்கள் பிளஸ் டூ வகுப்பு ஒரு புத்தகம் செய்தது. ஏ5 அளவு, 96 பக்கம், நூல் தையல், துணி அட்டை, 40 பிரதி. அச்சு மட்டும் ஜெராக்ஸ் கடையில். மடிப்பது, துளை போடுவது, தைப்பது, அட்டை கட்டுவது எல்லாம் நாங்களே. எங்களுடையது பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. பைண்டிங் கடை வைத்திருக்கும் என் பெரியப்பா தொழிலைச் சொல்லிக்கொடுத்தார். இந்த வருடம் முடிக்கப்போகிற தம்பி தங்கைகள் "எப்படிக்கா செஞ்சீங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு இப்படி எழுதிவைத்துவிடலாம்.

முதலில் எல்லோரும் சொன்னது ஸ்லாம் புக்தான். பிடித்த நிறம், பிடித்த நடிகர், மறக்க முடியாத நாள், என்னைப் பற்றி ஒரு வரி. சுற்றுக்கு விட்டுப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் ஒரே பதில். மறக்க முடியாத நாள்: ஆண்டு விழா. என்னைப் பற்றி: நல்ல பொண்ணு, கொஞ்சம் கோபம் வரும். பேரை மறைத்துவிட்டால் எது யாருடைய பக்கம் என்று எழுதியவர்களுக்கே தெரியாது. கேள்வி அப்படி இருந்தால் பதிலும் அப்படித்தான் இருக்கும்.

அப்புறம் ஒருத்தி நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு, ஆறாம் வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தோம் என்று எழுத ஆரம்பித்தாள். அவ்வளவுதான், சண்டை தொடங்கிவிட்டது. ஜன்னலோர இடம் தன்னுடையது என்று மூன்று பேர் நின்றார்கள். ஒருவன் தனக்கு இடமே போடவில்லை என்று கோபித்துக்கொண்டான். அவன் ஆறாம் வகுப்பில் பாதி நாள் வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தான், அதையும் படத்தில் சேர்த்தோம். பெயர்கள் மறந்துபோன இடத்தில் கைகொடுத்தது வருகைப் பதிவு. ரெஜிஸ்டரைச் சொல்லவில்லை, அது அலுவலகத்தில் இருக்கிறது. டீச்சர் தினமும் கூப்பிடுகிற வரிசையைச் சொல்கிறேன். தனக்கு முன்னால் வரும் பெயரும் பின்னால் வரும் பெயரும் யாருக்கும் மறக்கவில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பிடித்துக்கொண்டே போனால் முழு வரிசையும் வந்துவிடுகிறது. "உள்ளேன் டீச்சர்" சொல்லிச் சொல்லியே இரண்டு பெயரை மீட்டோம். அந்த இருவரும் ஏழாம் வகுப்போடு வேறு ஊருக்குப் போனவர்கள்.

அதோடு யார் யார் வகுப்பு என்ற பிரச்சினையும் தீர்ந்தது. பிளஸ் டூவில் இருந்தது 36 பேர். பத்தாம் வகுப்போடு ஐடிஐ, பாலிடெக்னிக் போனவர்கள், கொரோனாவுக்குப் பிறகு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்த் திரும்பாதவன், இவர்களை எல்லாம் விடுவதா என்று பேச்சு வந்தது. இருக்கைப் படம் என்று வந்துவிட்டால் விட முடியாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனை எப்படி அழிப்பது?

ஆக, புத்தகத்தின் முதுகெலும்பு இருக்கைப் படம் என்று முடிவானது. அதைக் கொண்டுபோய்ப் பெரியப்பாவிடம் காட்டினோம். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "ரெண்டு பக்கம் விரியுமா ஆயி இது?" என்றார். விரியும் என்றோம். "அப்ப நடுத்தாள்ல மட்டும்தான் போடணும்."

அதை விளக்குகிறேன், இதுதான் வேலையின் மூளை. நான்கு ஏ4 தாளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து மடித்தால் 16 ஏ5 பக்கம் வரும். பைண்டிங் கடையில் அதற்கு ஒரு ஃபாரம் என்று பெயர். அந்த 16 பக்கத்தில் 8-ம் 9-ம் மட்டுமே ஒரே தாளில் ஒட்டி வரும் எதிரெதிர்ப் பக்கங்கள். மற்ற எந்த இரண்டு எதிர்ப்பக்கமும் வேறு வேறு தாள், அச்சில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பெஞ்ச் இரண்டாக உடையும். 96 பக்கம் என்றால் ஆறு ஃபாரம், ஆறு நடுத்தாள். நாங்கள் படித்தது ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருடம். ஆனால் எட்டாம் வகுப்பு 2020-21. அந்த வருடம் நாங்கள் வகுப்பறைக்குள் கால் வைக்கவே இல்லை. ஏழு வருடத்துக்கு ஆறு இருக்கைப் படம்தான். கணக்கு தானாகவே உட்கார்ந்தது. ஒரு வருடத்துக்கு ஒரு ஃபாரம், நடுவில் அந்த வருடத்து வகுப்பறை, அதைச் சுற்றி அந்த வருடத்துக் கதைகள். எட்டாம் வகுப்பு ஏழாம் ஃபாரமாக வரவில்லை, ஏழாம் வகுப்பின் வால் பக்கங்களில் இடம் பிடித்தது. மார்ச் 2020-இல் பள்ளியை மூடியபோது நாங்கள் ஏழாம் வகுப்பு, முழுஆண்டுத் தேர்வு எழுதாமலே மேலே போனவர்கள். அதனால் அந்த இடம் பொருத்தமும்கூட.

பக்க எண் வரிசைக்குக் கணினி எதுவும் வேண்டாம். வெற்றுத் தாள் நான்கை மடித்து உள்ளே செருகி, பென்சிலால் 1 முதல் 16 வரை எழுதி, பிரித்துப் பாருங்கள். வெளித்தாளில் ஒரு பக்கம் 16-ம் 1-ம், பின்பக்கம் 2-ம் 15-ம். அடுத்த தாளில் 14-ம் 3-ம், பின்னால் 4-ம் 13-ம். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17 வரும். இரண்டாம் ஃபாரம் 17-இல் தொடங்கி 32-இல் முடிகிறது, அங்கே ஜோடிகளின் கூட்டுத்தொகை 49. கூட்டுத்தொகை தப்பினால் பக்கம் தப்பிவிட்டது என்று அர்த்தம். எங்கள் வகுப்பில் கணக்கென்றால் ஓடுகிறவன்தான் இந்தச் சரிபார்ப்பை எடுத்துக்கொண்டான், ஒரு பக்கம்கூட மாறவில்லை.

ஒவ்வொரு ஃபாரத்திலும் என்ன வந்தது என்று முழுதாகச் சொல்லப்போவதில்லை. இரண்டைச் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்புக்கு இரண்டு படம் வேண்டியிருந்தது. 2018 ஜூனில் சேர்ந்தோம். அந்த வருடம்தான் ஆறாம் வகுப்புக்குப் புதிய பாடத்திட்டம் வந்தது. அண்ணன் அக்காவின் பழைய புத்தகம் உதவாது. பாடத்துக்குப் பாடம் கியூஆர் கோடு இருந்தது, அதை ஸ்கேன் செய்ய எங்கள் யாரிடமும் போன் கிடையாது. நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் ஊர்த் தென்னைகளில் நின்றவை குறைவு. பள்ளியில் கொஞ்ச காலம் முகாம். மறுபடி வகுப்பு நடந்தபோது எங்கள் அறைக்கு ஓடு இல்லை. ஏழாம் வகுப்போடு ஒரே அறையில், அவர்கள் மேற்கே பார்த்து, நாங்கள் கிழக்கே பார்த்து, முதுகுக்கு முதுகாக உட்கார்ந்தோம். எனவே முதல் ஃபாரத்தில் 7-ஆம் பக்கம் 'புயலுக்கு முன்', நடுத்தாளில் 'புயலுக்குப் பின்'. இரண்டாவது படத்தில் மூலையில் அரிசி மூட்டைகளையும் வரைந்திருக்கிறோம். அந்த மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. கரும்பலகையில் முகாமில் தங்கியிருந்த குடும்பங்களின் பெயரும் ஆள் எண்ணிக்கையும் சாக்பீஸில் எழுதியிருந்ததைச் சொன்னது ஒருத்தி மட்டும். அது அவர்கள் வீட்டுப் பெயரும் இருந்த பட்டியல். அவளே அதைத் தன் பக்கத்தில் எழுதினாள், நான்கு வரிதான்.

எட்டாம் வகுப்புக்கு வகுப்பறை இல்லாததால் ஊர்ப்படம் வரைந்தோம். யார் எங்கே உட்கார்ந்து படித்தார்கள் என்று புள்ளி வைத்தோம். மொட்டை மாடி, குடிநீர்த் தொட்டிப் படிக்கட்டு, ஆற்றங்கரை மதகு, மாமா கடை கல்லாப்பெட்டி பக்கம். சிக்னல் கிடைத்த இடமெல்லாம் வகுப்பறை. பாதிப் பேர் வீட்டில் ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போவார். பகலில் டீச்சர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரவு எட்டு மணிக்கு மேல் கேட்பார்கள், சந்தேகத்தைக் காலையில் அப்பா கிளம்புவதற்குள் அனுப்ப வேண்டும். கேபிள் இருந்த வீட்டில் கல்வித் தொலைக்காட்சி. படத்தில் எந்தப் புள்ளியும் போடாத பெயர்கள் ஏழு. அவர்கள் அந்த வருடம் படிக்கவில்லை, வேலைக்குப் போனார்கள். புள்ளி வைக்க வேண்டாம், பெயரை ஓரத்தில் எழுது என்று அவர்களே சொன்னார்கள். எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்த பக்கம் இதுதான்.

ஒன்பதாம் வகுப்பிலும் பாதிப்பாதி. 2021 செப்டம்பர் 1-இல் திறந்தபோது ஒரு அறைக்கு 20 பேர், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரே பெஞ்சில் இன்றைக்கு ஒருவர், நாளைக்கு வேறொருவர். ஒரே கட்டத்தில் இரண்டு பெயர் எழுதிக் குறுக்குக் கோடு போட்டோம். தன் பெஞ்சின் இன்னொரு சொந்தக்காரர் யார் என்பது சிலருக்கு இப்போதுதான் தெரிந்தது. பிளஸ் ஒன்னில் சைக்கிள் வாங்கியது, செய்முறைத் தேர்வு, இதெல்லாம் எல்லாப் பள்ளியிலும் இருப்பதுதான், விடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

படங்களைப் பென்சிலில் வரைந்து போனில் படம் பிடித்தால் அச்சில் பாதிக் கோடு காணாமல் போகும். கறுப்பு ஜெல் பேனாவில், கோடு போடாத தாளில் வரையுங்கள். போட்டோக்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 புள்ளிக்குச் சுருங்கிவிடும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் ஐந்தே கால் அங்குலம்தான் தெளிவாக வரும். அரைப்பக்கப் படத்துக்குப் போதும், முழுப்பக்கத்துக்கு 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எழுத்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நாமெல்லாம் போனில் அடிப்பது யூனிகோடு. டிடிபி கடையில் பக்கம் கோக்கும் மென்பொருளாகப் பழைய பேஜ்மேக்கர் இருந்தால் அதில் ஒட்டும்போது கட்டம் கட்டமாக வரும். சில மென்பொருளில் எழுத்து வரும், ஆனால் 'கொ' என்பது கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். மறுபடி தட்டச்சு செய்யக் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். தேவையே இல்லை. என் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் லிப்ரே ஆபிஸ் ரைட்டரைப் போட்டு, மருதம் யூனிகோடு எழுத்துருவில் 11 புள்ளி அளவில் கோத்தோம். மெதுவாக ஓடும் பழைய மடிக்கணினிதான், ஆனாலும் 96 பக்கத்தைத் தாங்கியது. கடைக்குக் கொண்டுபோவது பிடிஎஃப் மட்டும், எழுத்துரு உள்ளேயே இருக்கும்.

தாளுக்கு வருகிறேன். பெரியப்பா ஒரு ஏ4 தாளிலிருந்து சின்னத் துண்டைக் கிழித்து, நாக்கில் வைத்து ஒரு பக்கத்தை ஈரமாக்கினார். துண்டு உடனே குழல் மாதிரி சுருண்டது. குழல் எந்தப் பக்கம் நீண்டு நிற்கிறதோ அந்தத் திசையில் தாளின் நார் ஓடுகிறது. கடையில் விற்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாட்டில் ஓடும். அதை ஏ5-ஆக மடிக்கும்போது மடிப்பு நாரைக் குறுக்கே உடைக்கிறது. மடிப்பு சொரசொரவென்று நிற்கும், புத்தகம் விரித்தால் விரியாது, கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். "நாரோட போனா மடியும். நாருக்கு எதிரா போனா முறைக்கும்" என்றார். இதற்கு வழி ஏ3 தாள். நார் நீளவாட்டில் ஓடும் ஏ3-ஐ நடுவில் வெட்டினால் கிடைக்கும் இரண்டு ஏ4-இலும் நார் குறுக்குவாட்டில், அதாவது நம் மடிப்போடு சேர்ந்து, ஓடும். வெட்டிவிட்டு அச்சடிக்காதீர்கள், அப்படி நார் ஓடும் ஏ4 எந்திரத்துக்குள் சுருண்டு மாட்டலாம். ஏ3-இலேயே ஒரே பக்கத்தை இரண்டு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சடித்து, பிறகு வெட்டினால் இரண்டு பிரதிக்கான தாள் ஒரே வெட்டில் வரும். ஒரு பிரதிக்கு 24 ஏ4, நாற்பது பிரதிக்கு 480 ஏ3. ஒரு கட்டில் 500 இருக்கும், மீதி சோதனை அச்சுக்கு. பின்பக்கம் தலைகீழாக விழுகிறதா என்று முதல் தாளில் பார்த்துவிட்டுத்தான் மொத்தமும் ஓட்ட வேண்டும்.

கலர் அச்சுக்குக் காசில்லை. எல்லாம் கறுப்பு வெள்ளை. ஆனால் இருக்கைப் படங்களில் அவரவர் பிரதியில் அவரவர் பெஞ்சை மட்டும் கலர் பென்சிலால் தீட்டிக்கொள்வது என்று வைத்தோம். ஸ்கெட்ச் பேனா இந்த மாதிரி மெல்லிய 80 ஜிஎஸ்எம் தாளில் பின்பக்கம் ஊறிவிடும், பென்சில்தான் சரி. குரூப் போட்டோ மட்டும் ஸ்டூடியோவில் தனியாகப் பிரிண்ட் போட்டு முன் அட்டையின் உள்பக்கம் ஒட்டியது. நடுவில் ஒட்டினால் புத்தகம் அந்த இடத்தில் வாய் பிளக்கும்.

தையலுக்கு வேண்டியது: குத்தூசி, தடித்த ஊசி, பைண்டிங் நூல், மெழுகுவர்த்தி, அரை அங்குலப் பாவாடை நாடா. தடித்த அட்டையில் ஆறு துளை அளந்து போட்டு ஒரு அச்சு செய்துகொண்டோம். இரு முனைகளிலிருந்தும் ஒன்றேகால் சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்று, நடுவில் இரண்டு நாடா, ஒவ்வொரு நாடாவுக்கும் இருபுறமும் ஒவ்வொன்று. அதை ஃபாரத்தின் மடிப்புக்குள் வைத்துக் குத்தினால் ஆறு ஃபாரத்திலும் துளை ஒரே நேர்கோட்டில் இருக்கும். நூலை மெழுகில் இரண்டு முறை இழுத்தால் முறுக்காது. ஒரு பிரதிக்கு ஒன்றரை மீட்டர் தாராளம். உள்ளே வெளியே போய், வெளியே வரும் இடத்தில் நாடாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். முனைத் துளைக்கு வந்ததும் கீழே இருக்கும் ஃபாரத்தின் நூலுக்குள் ஊசியை விட்டுக் கோத்து மேலே ஏற வேண்டும். நூலை இறுக்கும்போது மடிப்பின் திசையிலேயே இழுக்க வேண்டும். நம்மை நோக்கி இழுத்தால் துளை கிழிந்து வெளித்தாள் கழன்றுவிடும். தைத்து முடிந்ததும் முதுகில் பசை பூசி, கட்டிங் மெஷினில் மற்ற மூன்று பக்கமும் மெல்லிசாக வெட்டினார்கள். இதற்காக ஓரத்தில் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் காலியாக விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் வாசற்படிக்காரன் மறுபடி வெளியே போய்விடுவான்.

பையன்கள் நன்றாகத் தைத்தார்கள் என்பதைப் பதிவு செய்கிறேன். கரையூர் வலைத் தெருப் பையன்கள் இருவருக்குச் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை. வலை பின்னிய கை, ஊசியை வாங்கியதும் எங்களைவிட மூன்று மடங்கு வேகம்.

பசை மைதாவில். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்துக் கண்ணாடிபோல ஆகும்வரை கிண்ட வேண்டும். பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். அது விஷம், சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள், கை கழுவாமல் எதையும் தொடாதீர்கள். ஏப்ரல் வெயிலில் வெறும் ஃபெவிகால் தடவித் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். மைதாப் பசையோடு கலந்தால் அட்டையை நகர்த்திச் சரிபார்க்க நேரம் கிடைக்கும்.

அட்டைத் துணிக்கு எங்கள் பழைய யூனிபார்மையே எடுத்தோம். எட்டாம் வகுப்பு வரை அரசு கொடுத்தது, தம்பிக்கும் பத்தாமல் மூட்டையில் கிடந்தது. பார்க்க அழகான யோசனை, செய்ய எரிச்சலான வேலை. பாலியஸ்டர் கலந்த துணி, பசையை உறிஞ்சாது, ஆனால் இழை வழியாக வெளியே கசியவிடும். முதலில் துணிக்குப் பின்னால் தாள் ஒட்ட வேண்டும். துணியை இஸ்திரி போட்டு, தண்ணீர் தெளித்து, கண்ணாடி மேல் கவிழ்த்து விரிக்க வேண்டும். பசையைத் தாளில் தடவுங்கள், துணியில் தடவக் கூடாது. தாளைத் துணிமேல் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, நிழலில் காயவிட வேண்டும். ஃபேனுக்கு நேராக வைத்தால் வடாம் மாதிரி சுருளும். அடர் நிறத் துணிக்குப் பின்னால் திருப்புதல் தேர்வு வினாத்தாள்களை ஒட்டினோம், அவற்றுக்கு இதைவிட நல்ல கதி கிடைத்திருக்காது. வெளிர் சட்டைத் துணிக்கு எழுத்துத் தெரியும் என்பதால் வெள்ளைத் தாள். பலர் சட்டைப் பையை வெட்டாமல் முன் அட்டையில் அப்படியே விட்டார்கள். மை ஒழுகிய கறையோடு. அதற்குள் பழைய ஐடி கார்டு சரியாக உட்காருகிறது.

அட்டை இரண்டு மில்லிமீட்டர் தடிமன், உள்தாளைவிட மூன்று பக்கமும் மூன்று மில்லிமீட்டர் பெரிது. நாடாவின் நுனிகளை அட்டையின் உள்பக்கம் ஒட்டி, அதன்மேல் ஓரத்தாளை, அதாவது உள்தாளையும் அட்டையையும் இணைக்கும் வெற்றுத் தாளை, ஒட்டி மூட வேண்டும். மூடும் முன் இடையில் பிளாஸ்டிக் தாள் வைக்க மறக்கக் கூடாது, ஈரம் உள்ளே போனால் முதல் ஃபாரம் முழுக்க அலையடிக்கும். கடையில் புத்தகத்தை அழுத்திவைக்க ஒரே ஒரு பிரஸ்தான். மீதிப் பிரதிகளைப் பலகைக்கு நடுவே அடுக்கி, மேலே ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்தோம். பிறகு பெரியப்பா வந்து பார்த்துவிட்டு இரண்டு அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தார்.

அச்சுக்குப் போகும் முன் எங்கள் வகுப்பாசிரியை எல்லாவற்றையும் படித்தார். ஒரு பக்கத்தில் பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வராத மாதங்களைப் பற்றி எழுதியிருந்தோம். எடுக்கச் சொல்வார் என்று நினைத்தோம், எழுத்துப்பிழை மட்டும் திருத்தினார். காதல் விஷயங்களில் மட்டும் சிவப்புக் கோடு விழுந்தது. அது நியாயம்தான் என்று இப்போது தோன்றுகிறது, புத்தகம் வீட்டில் அம்மாவும் படிக்கிறார்.

துளை போடும் அட்டை அச்சும் பக்க வரிசைத் தாளும் கடையிலேயே இருக்கின்றன. இந்த வருட பிளஸ் டூக்காரர்கள் போய் வாங்கிக்கொள்ளலாம், முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள், ஜூன் மாதம் மட்டும் பள்ளி நோட்டு வேலை இருக்கும். வெளியூர்ப் பிரதிகள் பஸ் பார்சலில் போய்ச் சேர்ந்துவிட்டன, திருப்பூருக்குப் போனதும் சேர்த்து. இன்னும் மூன்று பேர் வந்து வாங்கவில்லை. யார் என்று உங்களுக்கே தெரியும். சீக்கிரம் வாருங்கள், பெரியப்பா அதன்மேல் டீ கிளாஸ் வைக்க ஆரம்பித்துவிட்டார்.